‘இறங்கவில்லை’ அணி

மே 4, ஞாயிறு

காலையில் கூழ் வற்றல் பிழிந்து மொட்டை மாடியில் காயப்போட்டேன். காகத்துக்குக் காவல் இவர். நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் பேப்பரை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிவிட்டார். ஒரு ஓரத்து வற்றல் முழுவதும் காலி. கேட்டால், “அதுகளும் ருசி பாத்துச் சொல்லணும்லா” என்கிறார்.

மதியத்துக்கு முன் பேராசிரியர் சிவனணைந்தபெருமாள் வந்தார். கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். தென்காசி வட்டாரத்தில் பட்டிமன்ற நடுவர் என்றால் அவர்தான். நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவுக்கு ஒரு பட்டிமன்றம் வைக்கிறார்களாம். தலைப்பு, மனிதன் நிலவில் இறங்கியது உண்மையா, கட்டுக்கதையா?

எனக்கு வாயெல்லாம் பல். இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவளைக் கூப்பிட இதைவிடப் பொருத்தமான தலைப்பு ஏது? “உண்மை அணிதானே ஐயா?” என்றேன்.

“அதான் இல்ல. உங்களுக்கு ‘இறங்கவில்லை’ அணி.”

“ஐயா, ஆயுசு பூரா இறங்கினான்னு பாடம் எடுத்தவ நான்.”

“அதுக்குத்தான கேக்கேன். தெரியாதவன் அந்தப் பக்கம் பேசினா வெறும் சத்தமா இருக்கும். நீங்க பேசினா சரக்கு இருக்கும். நடுவர் பிரிச்சுக் குடுத்த அணி, அவ்வளவுதான. போன மாசம் மாமியார் பக்கம் பேசினவ இந்த மாசம் மருமக பக்கம் பேசுதா. சனத்துக்குத் தெரியாதா? கடைசியில தீர்ப்பு நான் சொல்லிருவேன்லா.”

அதுவும் சரிதான். மாணவிகளுக்குத் தவறான விடையைப் பலகையில் எழுதி, ‘எங்கே பிழை, கண்டுபிடி’ என்று சொல்வதில்லையா? ஒப்புக்கொண்டேன்.

மே 7, புதன்

சந்தேகப்படுகிறவர்களின் கேள்விகளை எல்லாம் திரட்டிப் படித்தேன். சிரித்துத் தள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. காற்றில்லாத இடத்தில் கொடி ஏன் அசைகிறது? கருப்பு வானத்தில் நட்சத்திரம் ஏன் இல்லை? ஈரமில்லாத மண்ணில் காலடி எப்படிப் பதிந்தது? ஒவ்வொன்றும் நல்ல கேள்வி. வகுப்பில் ஒருத்தி கேட்டிருந்தால் அவளை முன்வரிசைக்கு அழைத்திருப்பேன்.

மே 12, திங்கள்

நேற்று மாலை விழா. நூலகத்தின் பின்பக்க மைதானம் நிறைந்துவிட்டது. எதிரணியில் வக்கீல் திரவியம். தேதி, எடை, தூரம் எல்லாம் அடுக்கினார். உண்மைதான், ஆனால் பலசரக்குச் சிட்டை வாசிப்பதுபோல் இருந்தது.

பிறகு நான். கொடியை எடுத்தேன், நட்சத்திரத்தை எடுத்தேன். கதிர்வீச்சு வளையத்துக்கு வந்தபோது ஒரு எடுத்துக்காட்டு தானாக வந்து விழுந்தது. “பூமியைச் சுத்தி ஒரு வளையம் இருக்குய்யா, நம்ம பூக்குழி மாதிரி. நம்ம ஊர்ல பூக்குழி இறங்கணும்னா நாப்பது நாள் விரதம் இருக்கணும். அவன் காலையில ரொட்டியத் தின்னுட்டு ஏறிப் போயிருக்கான். கருகாம எப்படித் திரும்பி வந்தான்?”

கைதட்டலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தட்டினார்கள். பின்வரிசையில் சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். இடதுபுறம் ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கீழே இறங்கி வரும்போதும் அது ஓயவில்லை, நடுவர் மணியடித்து அடக்க வேண்டியிருந்தது.

தீர்ப்பு, இறங்கினார்கள் என்பதே. பாதிப் பேர் அதற்குள் எழுந்து போயிருந்தார்கள்.

மே 16, வெள்ளி

பால் கொண்டுவந்த இசக்கி பாலை ஊற்றாமல் நிற்கிறார். “டீச்சர், பாத்தேன். எனக்கு அப்பவே தெரியும், அவனுவ போகவே இல்லன்னு. நீங்க சொன்ன பெறகு யாரு மறுக்க?”

விசாரித்தால் விஷயம் இதுதான். உள்ளூர் கேபிள்காரர் விழாவைப் படம் பிடித்து, பேச்சாளர் வாரியாக நறுக்கி வலையில் ஏற்றியிருக்கிறார். என் துண்டின் தலைப்பு, ‘நிலவு ரகசியத்தை உடைத்த இயற்பியல் ஆசிரியை’. நடுவர் தீர்ப்புச் சொன்ன நேரம் கேபிள்காரர் சாப்பிடப் போய்விட்டார். ஆகவே தீர்ப்பு எங்கும் இல்லை.

இசக்கியிடம் பொறுமையாக விளக்கினேன். அது எனக்குக் கொடுத்த அணி, நான் அப்படி நினைப்பவள் இல்லை என்றேன். அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அப்படித்தான் சொல்லணும் டீச்சர். வெளிப்படையாச் சொன்னா பென்சனை நிறுத்திருவான். எனக்குப் புரியுது.”

இவர் உள்ளே கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தார்.

மே 21, புதன்

நான் அந்த வீடியோவைத் திரும்பப் பார்க்கவில்லை. பேச்சின் நடுவில் ஓரிடத்தில் மூச்சு வாங்குகிறது, அதைச் சரிசெய்ய வேண்டும் என்பதற்காக இரண்டொரு முறை பார்த்தேன்.

பேராசிரியர் தொலைபேசியில் அழைத்தார். அதே தலைப்பை, அதே அணிகளை, சுற்று வட்டாரத்துக் கோவில் கொடைத் திருவிழாக்களுக்குக் கேட்கிறார்கள். ஆடி முடிய நாள் கொடுத்துவிட்டாராம். “மக்கள் உங்களைத்தான் கேக்காவ டீச்சர்.” முழங்கால் வலிக்கிறது, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மாலையில் சரி என்று சொல்லிவிட்டேன்.

மே 30, வெள்ளி

புதிதாக இரண்டு பருத்திப் புடவை எடுத்தேன். பழையவை நைந்துவிட்டன.

ஜூன் 11, புதன்

நேற்று கொடையில் பேச்சு நன்றாக அமைந்தது. காலடியைப் பற்றிய பகுதியில் ஒரு புதிய நகைச்சுவை சேர்த்திருந்தேன். காய்ந்த ஆற்று மணலில் கால் வைத்தால் பதியுமா, பதியாதா என்று கேட்டு, மேடையிலேயே செருப்பைக் கழற்றிக் காட்டினேன். கூட்டம் ஆரவாரித்தது. அங்கேயும் பொன்னாடை. அலமாரியில் இடமில்லை. “துணிக்கடை வச்சிருவமா?” என்கிறார் இவர்.

தீர்ப்பைப் பேராசிரியர் இப்போதெல்லாம் சுருக்கமாகச் சொல்கிறார். வாணவேடிக்கை தொடங்கிவிடுகிறது.

ஜூன் 25, புதன்

நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்திருக்கும் பெனிட்டா இன்று மாலை வந்தாள். இருபத்தெட்டு வயதிருக்கும். இன்னும் தகுதிகாண் பருவம் முடியவில்லை. ஒல்லியாக, நேராகப் பார்த்துப் பேசுகிறவள்.

ஜூலையில், மனிதன் இறங்கிய தேதியில் வரும் நிலா நாளுக்குப் பள்ளியில் ஒரு கண்காட்சி வைக்க நினைத்திருக்கிறாள். பிள்ளைகள் மாதிரி ராக்கெட், இறங்குகலம் எல்லாம் அட்டையில் செய்யத் தொடங்கிவிட்டார்களாம். ஆனால் பாடம் எடுக்கப் போனால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். “அதான் நம்ம ஆவுடைநாயகி டீச்சரே இல்லன்னு சொல்லிட்டாங்களே” என்கிறார்களாம்.

“நீங்க பட்டிமன்றத்துக்காகப் பேசினது, அது தப்புன்னு நான் வகுப்புல சொன்னேன் டீச்சர். அதுல ஒரு பெற்றோருக்குக் கோபம். நீங்க ஒரு தடவ பள்ளிக்கு வந்து சொல்லிட்டுப் போயிருங்க. ஒரு அஞ்சு நிமிசம்.”

வருகிறேன் என்றேன். ஆடிக் கொடைகள் முடியட்டும் என்றேன். இடையில் நானே மறுத்தேன் என்று தெரிந்தால் தலைப்பு செத்துப்போகும், பேராசிரியர் நாள் கொடுத்துவிட்டார், நான்கு பேர் அணி அது, ஒருத்திக்காக மற்றவர்களைக் கைவிடக் கூடாது. இதையெல்லாம் ஒரு எடுத்துக்காட்டோடு விளக்கினேன். பாதிச் சமையலில் அடுப்பை அணைத்தால் யாருக்கும் சோறில்லை என்றேன்.

“கண்காட்சி அதுக்கு முன்னால வருதே டீச்சர்” என்றாள். காபியைக் குடித்துவிட்டுப் போனாள்.

ஜூலை 3, வியாழன்

இட்லிக்கு அரைத்துக்கொண்டிருக்கும்போது இவர் வந்து கிரைண்டரை நிறுத்தினார்.

“ஆவுடை, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத. நேத்து கொடையில உன் மொகத்தப் பாத்தேன். நம்ம கல்யாணத்தன்னைக்கிகூட அவ்வளவு சந்தோசமா நீ இல்ல.”

“கல்யாணத்தன்னைக்கி பந்தல் ஒழுகுச்சு” என்றேன். மாவு இன்னும் கொஞ்சம் ஓட வேண்டும். கிரைண்டரைப் போட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

பெனிட்டா மறுபடி வந்தாள். உட்காரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு விடைத்தாளை எடுத்து நீட்டினாள். ஒன்பதாம் வகுப்பு அலகுத் தேர்வு. ‘நிலவில் முதலில் கால் வைத்தவர் யார்?’ என்ற கேள்விக்கு அழகான குண்டெழுத்தில் பதில்: ‘யாரும் இல்லை. ஆதாரம்: ஆவுடைநாயகி டீச்சர்.’

“இதுக்கு எத்தன மார்க் போட டீச்சர்?”

நான் சிரிக்க முயன்றேன். அவள் சிரிக்கவில்லை. கண்காட்சி வேண்டாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டதாம். சர்ச்சைக்குரிய தலைப்பாம். அட்டை ராக்கெட்டுகளை ஆய்வகத்தில் ஒரு மூலையில் அடுக்கி வைத்திருக்கிறார்களாம். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். அதற்காவது வருவீர்களா என்றாள்.

வெள்ளிக்கிழமை சுரண்டைப் பக்கம் ஒரு கொடை ஒத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

இன்று நிலா நாள். காலையிலிருந்து சாரல். துணி எதுவும் காயவில்லை.

அன்று நிலவுக்கு மூன்று பேர் போனதில் மூன்றாமவரைத்தான் நான் எப்போதும் வகுப்பில் அதிகம் சொல்வேன். இரண்டு பேர் கீழே இறங்கி நடந்தபோது அவர் ஒருவர் மட்டும் மேலே சுற்றிக்கொண்டிருந்தார். நிலவின் மறுபக்கம் போகும்போதெல்லாம் பூமியிலிருந்து ஒரு குரலும் வராது. அத்தனை தூரம் போயும் இறங்கக் கிடைக்கவில்லை, கைதட்டல் முழுவதும் மற்றவர்களுக்கு. ஆனாலும் அவர் கணக்குத் தவறாமல் சுற்றி வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டு வீடு சேர்த்தார். அவரைப் பற்றிச் சொல்லும்போது வகுப்பு அப்படியே அடங்கிவிடும்.

இந்த மூன்று மாதமாக அவரைப் பற்றி நான் எங்கும் பேசவில்லை. என் அணிக்கு அவர் உதவமாட்டார்.

ஜூலை 25, வெள்ளி

எழுதாமல் விடலாமா என்று பார்த்தேன். எழுதிவிடுகிறேன்.

பத்து மணி வாக்கில் பள்ளி எழுத்தர் தங்கபாண்டியன் வந்தார், பின்னால் பெனிட்டா. எழுத்தர் கையில் ஒரு தட்டு, அதில் ஆப்பிள், சாத்துக்குடி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“நிர்வாகத்துல அனுப்பினாங்க டீச்சர்” என்றார் தங்கபாண்டியன். “பெற்றோர் கூட்டத்துல பேச்சு வளந்துபோச்சு. மூத்த ஆசிரியரைப் பிள்ளைகள் முன்னால தப்புன்னு சொன்னது முறையில்லன்னு ஆயிட்டு. அதான் உங்ககிட்ட நேர்ல வந்து ஒரு வார்த்த...” மீதியைச் சொல்லாமல் பெனிட்டாவைப் பார்த்தார்.

அவள் என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். “உங்களைப் பத்தி வகுப்புல பேசினது தப்பு டீச்சர். மன்னிச்சிருங்க.”

குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பதுபோல் இருந்தது.

உட்காரும்மா என்றேன். காபி போட்டு வந்தேன். எழுத்தர் குடித்தார். அவள் தம்ளரைத் தொடவில்லை. இவர் கூடத்தில் நின்றவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

பழங்களை யார் தின்பது? அப்படியே இருக்கின்றன.

ஜூலை 26, சனி

காலையிலேயே பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியை என்னோடு பத்து வருடம் வேலை பார்த்தவர், நல்லவர். அது எனக்குக் கொடுத்த அணி, பெனிட்டா சொன்னதுதான் சரி, அவள் மேல் ஒரு குறிப்பும் இருக்கக் கூடாது என்றேன்.

“எனக்குத் தெரியாதாக்கும் டீச்சர்? நீங்க எடுத்த பாடத்த சன்னலுக்கு வெளிய நின்னு கேட்டவ நான். ஆனா பெற்றோர் கையில போன் இருக்கு. அதுல நீங்க இருக்கீங்க. இந்த ரூமுக்குள்ள நீங்க சொல்றத நான் எழுதி ஒட்டினா, பயமுறுத்தி வாங்கிட்டாங்கன்னு சொல்லுவாங்க.” பிறகு, “மைக்குல சொன்னத மைக்குலதான் திருப்பி எடுக்க முடியும்” என்றார்.

“எடுத்தா?”

“எடுத்தா நான் நிர்வாகத்துகிட்டப் பேசுவேன். அந்தப் பிள்ளைக்கு இந்த மாசக் கடைசியில தகுதிகாண் அறிக்கை அனுப்பணும். நிர்வாகத்துகிட்டச் சொல்லி ஒரு பத்து நாள் தள்ளிவைக்கேன். அதுக்குமேல என்னால முடியாது.”

ஜூலை 28, திங்கள்

பேராசிரியர் வீட்டுக்குப் போனேன். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி முப்பிடாதி அம்மன் கொடையில் அணியை மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன்.

“நோட்டீசு அடிச்சாச்சு டீச்சர். ‘நிலா புகழ் ஆவுடைநாயகி’ன்னு போட்டுருக்கான். நீங்க உண்மை அணியில உக்காந்தா யாரு வருவா?”

“அப்ப நான் வரல.”

“வராமப் போனா கமிட்டிக்காரன் என் வீட்டுக்கு வருவான். எத்தன வருசமா நடுவரா இருக்கேன். ஒரு பேச்சாளர் மேடையில அணி மாறினதா என் சரித்திரத்துலயே கெடையாது. அது ஒரு மொறை. கொடுத்த பக்கத்த விட்டுக்குடுக்கக் கூடாது.” பிறகு தணிந்து, “இந்த ஒண்ணு மட்டும் பேசிருங்க. அப்புறம் என்ன வேணாலும் சொல்லுங்க” என்றார்.

நல்ல மனிதர். எனக்கு மேடை கொடுத்தவர். வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

சாரல் விடவில்லை. வானம் நாளைக்கும் மூடியிருந்தால் நான் நினைத்திருப்பது நடக்காது.

புளிக்குழம்பு, அப்பளம்.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் எழுதுகிறேன்.

நேற்றுப் பகல் மூன்று மணிக்குச் சாரல் ஓய்ந்தது. பொழுது சாயும்போது வானம் கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. தெற்கே நிலா, முக்கால் வட்டத்துக்கு மேல். கோவில் திடலில் மேடை, சீரியல் பல்பு, குழல்விளக்கு எல்லாம் பகல்போல் எரிந்தன. கூட்டம் பந்தலைத் தாண்டி ரோடு வரை நின்றது. பெனிட்டா வந்திருக்கிறாளா என்று பார்த்தேன், தெரியவில்லை. இவர் முதல் வரிசையில்.

என் முறை வந்தது. நான் எழுந்தவுடனே விசில். மைக்கைப் பிடித்தேன்.

“நடுவர் அவர்களே, என் அணிக்காக இதுவரைக்கும் பல மேடையில பேசிருக்கேன். நான் பேசினதுல ஒண்ணுகூட நிக்காது. ஏன் நிக்காதுன்னு இன்னைக்கி நானே சொல்லிருதேன்.”

சிரித்தார்கள். இது ஒரு புதிய நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள்.

“கொடி அசைஞ்சுதுன்னு சொன்னேன். அந்தக் கொடிக்கு மேல ஒரு குறுக்குக் கம்பி இருந்துச்சு, அத உங்ககிட்ட மறைச்சேன். கம்பத்தப் பிடிச்சுத் திருகினா துணி ஆடும். அங்க தடுக்கக் காத்து இல்ல, அதனால இன்னும் அதிகமா ஆடும். பூக்குழி கதை சொன்னேன். போன வருசம் இதே கோவில்ல பூக்குழி இறங்கினவங்க இங்க இருக்கீங்கள்லா? நடுவுல நின்னு வெத்தல போட்டீங்களா? ஒரே ஓட்டமாத் தாண்டினீங்க. அவங்களும் அந்த வளையத்தோட ஓரமாப் பாத்து, வேகமாத் தாண்டிட்டாங்க.”

பேராசிரியர் மணியடித்தார். நேரம் முடியவில்லை, இருந்தும் அடித்தார். ரோட்டோரமிருந்து ஒருவர், “ஏ டீச்சர், எவ்வளவு வாங்கினீக?” என்று கத்தினார். இன்னும் சிலர், “அணி மாறுதா, அணி மாறுதா!” என்றார்கள். கீழே உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு வரிசையே எழுந்தது.

மூன்று மாதமாக இவர்கள் எனக்காக எழுந்து நின்றவர்கள். இப்போது போவதற்காக எழுந்தார்கள்.

“போறவங்க போங்க. போறதுக்கு முன்னால ஒரே ஒரு காரியம்” என்றேன். “எல்லாரும் கையில போன் வச்சிருக்கீங்க. மேல பாருங்க, நட்சத்திரம் தெரியுதா?”

“தெரியுது” என்று சில குரல்கள்.

“இப்ப இந்த மேடையையும் மேல வானத்தையும் சேத்து ஒரு படம் எடுங்க. என் மூஞ்சி நல்லா விழட்டும்.”

பிறகு ஒரு போன் உயர்ந்தது, இரண்டு, பத்து, திடல் முழுக்க வெளிச்சக் கட்டங்கள்.

“படத்தப் பாருங்க. நட்சத்திரம் எங்க?”

முணுமுணுப்பு. ஒரு பெண்பிள்ளை குரல், “ஒண்ணுகூட இல்ல.”

“வானத்துல இருக்கு, படத்துல இல்ல. ஏன்னா இங்க வெளிச்சம் கொட்டுது. வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி கேமரா கண்ணச் சுருக்கிக்கிடுது, மங்கலா இருக்கறது விழாது. நிலாவுல அவங்க நின்னது பட்டப்பகல் வெயில்ல. இந்தக் குழல்விளக்குக்கே நட்சத்திரம் ஓடிப்போச்சுன்னா அந்த வெயிலுக்கு?”

யாரும் போகவில்லை. எழுந்த வரிசை நின்றபடியே போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்தவரின் போனையும் வாங்கிச் சரிபார்த்தார்.

பிறகுதான் நான் சொல்ல ஆசைப்பட்டதைச் சொன்னேன். நாலு லட்சம் பேர் அதற்காக வேலை செய்தார்கள். நம் தெருவில் ஒரு கல்யாணப் பேச்சை ஒரு சாயங்காலம் ரகசியமாக வைக்க முடிகிறதா? நாலு லட்சம் வாய் எப்படி அரை நூற்றாண்டு மூடியிருக்கும்? போட்டியில் இருந்த ரஷ்யா, பொய்யாக இருந்தால் விடிவதற்குள் ஊரைக் கூட்டியிருக்காதா? விண்வெளி உடுப்பைத் தைத்தவர்கள் தையல் மெஷினில் உட்கார்ந்த பெண்கள், ஒரு தையல் பிசகினால் ஒரு உயிர் போகும் என்று தெரிந்து தைத்தார்கள். நம் சந்திரயான் மேலிருந்து எடுத்த படத்தில், அவர்கள் விட்டுவந்த கலத்தின் அடிப்பாகம் இன்றைக்கும் அதே இடத்தில் நிற்கிறது. பிறகு அந்த மூன்றாமவர். திடல் அடங்கிவிட்டது. வகுப்பு அடங்குவதுபோலவே.

“எங்க பள்ளிக்கூடத்துல பெனிட்டான்னு ஒரு டீச்சர் இருக்காங்க. நான் பேசினது தப்புன்னு பிள்ளைகளுக்குச் சொன்னாங்க. அவங்க சொன்னதுதான் சரி. அதுக்கு அவங்க என்கிட்ட மன்னிப்புக் கேக்க வேண்டியதாப் போச்சு. இந்த மைக்குல நான் அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கேன்.”

உட்கார்ந்தேன். கைதட்டல் இல்லை. இவர் மட்டும் தட்டினார், அதுவும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வெட்கப்பட்டு நிறுத்திவிட்டார்.

பேராசிரியர் மைக்கை இழுத்தார். “ரெண்டு அணியும் ஒரே பக்கம் பேசினா நடுவருக்கு என்னய்யா சோலி? நான் வீட்டுக்குப் போறேன்.” அதற்குத்தான் கூட்டம் பெரிதாகச் சிரித்தது. கமிட்டித் தலைவர் எனக்கென்று விரித்து வைத்திருந்த பொன்னாடையை நிதானமாக மடித்து மறுபடி பைக்குள் வைத்தார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பேராசிரியர் போன் செய்தார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. தை மாதக் கொடைகளுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறாராம். சரி ஐயா என்றேன்.

ஒருவிதத்தில் நல்லது, முழங்கால் வலிக்கு.

இசக்கி பால் ஊற்றும்போது என்னைப் பார்க்கவில்லை. “மெரட்டிட்டாங்களா டீச்சர்?” என்று மட்டும் கேட்டார். வாசலில் அவரை நிறுத்தி, பகலில் குழல்விளக்கைப் போட்டு, போனில் ஒரு படம் எடுத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். பால் காய்ச்ச நேரமாகிவிட்டது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தலைமை ஆசிரியை பேசினார். அறிக்கை நல்லபடியாகப் போய்விட்டது. கண்காட்சி திங்கட்கிழமை. “பெனிட்டாவே உங்களக் கூப்பிடச் சொல்லுச்சு” என்றார். அவளே கூப்பிடவில்லை. அதுவும் நியாயம்தான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆய்வகம் முழுக்க அட்டை ராக்கெட். சிலது மூலையில் கிடந்ததில் நசுங்கியிருந்தது, அப்படியே நிறுத்தியிருந்தார்கள். பெனிட்டா வாசலுக்கு வந்து, “வாங்க டீச்சர்” என்றாள். ஒரு நாற்காலி போட்டாள். காபி வரவழைத்தாள், தனக்கும் ஒன்று. குடித்தோம். பேச்சு பெரிதாக இல்லை.

நடு மேசையில் ஒரு நீளமான கண்ணாடிக் குழாய். உள்ளே ஒரு காசும் ஒரு கோழி இறகும். குழாயைத் தலைகீழாக்கினால் காசு சட்டென்று விழும், இறகு ஆடி ஆடி வரும். பிறகு பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சிவிட்டுத் திருப்பினால் இரண்டும் ஒன்றாக விழும். பக்கத்தில் கணினித் திரையில் நிலவில் ஒருவர் சுத்தியலையும் இறகையும் ஒரே நேரத்தில் கைவிடும் படம் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் மெல்ல, ஒன்றாக, மண்ணைத் தொட்டன. பூமியில் எந்தக் கொட்டகையில் எடுத்திருந்தாலும் இறகு பிந்தியிருக்கும். எவ்வளவு அழகான யோசனை! நான் வேலையில் இருந்தபோது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு பெண் என் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள். இரட்டைச் சடை, பேட்ஜில் பெயர் மதிவதனி, ஒன்பதாம் வகுப்பு. கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

“டீச்சர், நீங்க மொதல்ல பேசினது பொய்யா, கடைசியில பேசினது பொய்யா?”

“ஏட்டி!” என்று பெனிட்டா அதட்டினாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

“மொதல்ல பேசினது.”

“கடைசியில பேசினது உண்மைன்னு எப்படி நம்ப? மொதல்லயும் நீங்க இதே மாதிரி நல்லாத்தான் பேசினீங்க.”

அவள் முகத்தைப் பார்த்தேன். குறும்பு இல்லை. உண்மையாகவே தெரிய வேண்டும் அவளுக்கு. நான் வேலை பார்த்த காலமெல்லாம் எத்தனையோ நல்ல மாணவிகள், நான் சொன்னதை அப்படியே எழுதி முழு மதிப்பெண் வாங்கினார்கள். ஒருத்தியும் என் முன்னால் இப்படி நின்றதில்லை.

“நம்பாத” என்றேன். “என்னை இனிமே எதுக்கும் நம்பாத. அங்க குழாய் இருக்கு.”

மேசைக்குப் போனாள். பெனிட்டா குழாயைத் திருப்பப் போக, “நானே திருப்புதேன் டீச்சர்” என்று வாங்கிக்கொண்டாள். குழாயின் மூடி இறுகியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். திருப்பினாள். திரையைப் பார்த்தாள். மறுபடி திருப்பினாள். பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகள் தள்ளத் தொடங்கினார்கள். அவள் நகரவில்லை.

“என்ன மதி, நம்புதியா?” என்றாள் பெனிட்டா.

அவள் குழாயை விடாமலே சொன்னாள். “பாதி நம்புதேன். மிச்சத்துக்கு நாளைக்கி வாரேன்.”

பெனிட்டா என்னைப் பார்த்தாள். இந்த இரண்டு மாதத்தில் முதல் முறையாகச் சிரித்தாள்.